பெல்தோர் என்ற பெயருக்கு இரண்டு பிள்ளைகள்

காய்மித்தோ
14 மார்ச் 1979

ரெமிஹியோ,

பையன்! திங்கட்கிழமை விடியும்போது பிறந்தான். மூக்கு உன்னுடையது, குரல் உன் அம்மாவுடையது. பாவம், இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறானோ. நான் நன்றாக இருக்கிறேன். குளோதில்டே அண்ணிதான் பக்கத்திலேயே இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாக மடி காலியாக இருப்பவள், என் பிள்ளையைக் கீழே விடுவதே இல்லை. ஞானத்தாய் அவள்தான், வேறு யாரையும் யோசிக்காதே. எதிர்வீட்டுக்காரியிடம் வாக்குக் கொடுத்ததை நீயே சமாளித்துக்கொள்.

பெயரைச் சீக்கிரம் அனுப்பு. நீதான் தேடுவேன் என்றாய், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு பனாமா, ஒரு சூயஸ், ஒரு டெலிகிராமா என்று பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பையனுக்கு இந்த மாகாணத்திலேயே யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும். பக்கத்து வீட்டு எவுதோசியாவுக்கு இது எட்டாம் மாதம். கோழிச் சாறு கொடுக்கிறேன் என்று மூன்று தடவை வந்துவிட்டாள். "பேரு என்னம்மா முடிவு பண்ணிருக்கீங்க? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்கிறாள். சும்மாவாம்! நம் ஊரில் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகலாம், பெயரைத் திறந்து வைத்துவிட்டுப் போக முடியாது.

அவுரிஸ்டெலா

எண்ணெய் முகாம், கிழக்குக் காடு
27 மார்ச் 1979

என் அவுரிஸ்டெலாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகையைச் சுற்றி ஓடினேன். சமையல்காரன் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்துக் கத்தியோடு வந்துவிட்டான்.

பெயர் கிடைத்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி. பெல்தோர்.

இங்கே வந்த தலைமைப் பொறியாளருடைய தாத்தாவின் பெயர் அது. கடல் கடந்து போய் வெறுங்கையால் சிங்கத்தை விரட்டியவராம். பெல்தோர்! வாய்விட்டுச் சொல்லிப் பார். வேண்டாம், சொல்லாதே, சுவருக்குக் காது உண்டு. பதிவாளர் தார்க்கினோ எழுதி முத்திரை குத்தும் வரை அண்ணியிடம் கூடச் சொல்லாதே. அண்ணியிடம் முக்கியமாகச் சொல்லாதே.

புனித பேதுரு திருநாளில் ஞானஸ்நானம் வைப்போம். அப்போதுதான் எனக்கு விடுப்பு. சாமான் கொட்டகைக்கு நானும் மச்சான் ஹசிந்தோவும் மட்டும்தான் ஆள், ஒருவன் போனால் ஒருவன் இருந்தாக வேண்டும். போன வருஷம் புனித வாரத்துக்கு அவன் வந்தான், ஜூனில் நான் வந்தேன். இந்தப் புனித வாரத்துக்கும் "போயிட்டு வாடா" என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்கிறான். அவனுக்குக் காடு பிடித்துவிட்டது போல.

பெல்தோருக்கு முத்தங்கள்.

ரெமிஹியோ

காய்மித்தோ
20 ஏப்ரல் 1979

மதிப்பிற்குரிய ரெமிஹியோ அவர்களுக்கு,

மரியாதை கூடியிருக்கிறதே என்று மகிழ வேண்டாம். கோபம் தணிந்தால் பழையபடி எழுதுகிறேன். தணியும் என்று தோன்றவில்லை.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அதை மெத்தைக்குக் கீழே வைத்து, அதன் மேல் படுத்திருந்தேன். நாற்பது நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்பே எழுந்து, தலையைத் துணியால் கட்டிக்கொண்டு பதிவாளரிடம் போனேன். யாரும் கேட்கக்கூடாது என்று அவர் காதருகே போய்ச் சொன்னேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பேரா? போன வாரம்தானே எழுதினேன்."

"யாருக்கு?"

"துணிக்கு இஸ்திரி போடுமே, தியோசெலினா. அதோட பிள்ளைக்கு."

"அப்பா பேரு?"

"அந்த எடத்துல ஒரு கோடு போட்டிருக்கேன், தாயி."

யாருக்கும் தெரியாமல் போர்ட்டோவியேஹோவில் அத்தை வீட்டில் போய்ப் பெற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். மார்ச் முதல் தேதி பிறந்ததாகப் பதிவு. நம் பையனைவிடப் பதினோரு நாள் மூத்தவன். பதினோரு நாள்! ஒன்பது மாதம் பின்னால் எண்ணினால் அது எந்த மாதம் என்று எனக்குத் தெரியும், நீங்கள் எந்த மாதம் ஊரில் இருந்தீர்கள் என்றும் தெரியும். உங்கள் சட்டைகளை அவளிடம் கொடுத்து அனுப்பியவளே நான்தான்.

உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயர், சிங்கத்தை விரட்டிய தாத்தாவின் பெயர், ஆயிரம் பேர் இல்லாத இந்த ஊரில் இன்னொருத்தியின் மடியில் எப்படி வந்து விழுந்தது? ஒரே பெயரை இரண்டு வீட்டுக்கும் அனுப்பினீர்களா? யோசிக்கக்கூட சோம்பலா?

பிள்ளையைப் பதியவில்லை. "பையன்" என்றே கூப்பிடுகிறேன். பதில் வரும் வரை அப்படித்தான்.

அவுரிஸ்டெலா

எண்ணெய் முகாம்
4 மே 1979

அவுரிஸ்டெலா,

"அவர்களுக்கு" என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தபோதே பயந்துபோனேன். உள்ளே படித்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

அந்தப் பெண்ணிடம் என் சட்டை போயிருக்கிறது, நான் போனதில்லை. அவள் முகம் கூட எனக்குச் சரியாக நினைவில்லை. என் அம்மா மேல் ஆணை.

இப்போது நான் கேட்கிறேன். பெயர் எப்படி வெளியே போனது? உன்னிடம் ஒரே ஒரு காரியம் சொன்னேன். சொல்லாதே என்றேன். நீ குளோதில்டேயிடம் சொல்லியிருப்பாய். நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே அடுப்படியில்தானே! அவள் கிணற்றடியில் சொல்லியிருப்பாள், கிணற்றடியிலிருந்து இஸ்திரிக்காரிக்கு எத்தனை தூரம்? பெயரைக் காப்பாற்றத் தெரியாமல் பறிகொடுத்துவிட்டு, அதை மறைக்க என் தலையில் ஒரு பிள்ளையைக் கட்டுகிறாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இன்று மாலை மச்சானிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டப் போகிறேன். உன் கூடப் பிறந்தவன், அவனே நியாயம் சொல்லட்டும்.

ரெமிஹியோ

காய்மித்தோ
16 மே 1979

ரெமிஹியோ அவர்களுக்கு,

நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருப்பவளிடம் மறைக்கிறோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே மறைத்தேன். போன வாரம்தான், எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அழுதுகொண்டே முழுவதையும் சொன்னேன். அவள் என்னைவிட அதிகமாக அழுதாள். "ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணுதான்டி. எங்க ஆளு மாதிரி வாயில்லாப் பூச்சி ஊருக்கு ஒருத்தர் கிடைச்சா அதிகம்" என்றாள். அவளுக்கு வாய்த்தது அப்படி.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தது ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி. அவள் பிள்ளையைப் பதிந்தது பத்தாம் தேதி. என் கைக்கு வருவதற்கு முன்பே பெயர் அவளிடம் இருந்திருக்கிறது. இதற்கு எந்தக் கிணற்றடியைக் குற்றம் சொல்லப் போகிறீர்கள்?

நேராகவே கேட்கிறேன். அந்தப் பெயரை முகாமிலிருந்து அவளுக்கு அனுப்பியது யார்? நம் ஊர்க்காரர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் என் அண்ணன். அவரை நான் சந்தேகப்பட வேண்டுமா?

அவுரிஸ்டெலா

எண்ணெய் முகாம்
28 மே 1979

அவுரிஸ்டெலா,

இங்கே பதினைந்து நாளாக மழை. ஆற்றுப் பாலம் போய்விட்டது. வாழைக்காயும் டின் மீனும்தான் சாப்பாடு. உன் கையால் இடித்த சோளக் கடலைப் பொடி இருந்தால் அதையாவது தொட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

அந்தப் பிள்ளை என்னுடையது இல்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதே. வாய் திறப்பதில்லை என்று ஒரு சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். அவசரப்பட்டுச் செய்த சத்தியம்தான், ஆனாலும் சத்தியம்.

உன் அண்ணன் நலம். இப்போது வேறு கொட்டகையில் படுத்துக்கொள்கிறான்.

பையனுக்கு வேறு பெயர் பார்க்கலாமா? உனக்குப் பிடித்ததாக நீயே ஏதாவது பாரேன்.

ரெமிஹியோ

காய்மித்தோ
9 ஜூன் 1979

ரெமிஹியோ,

சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாயாம். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பையனைத் தூக்கிக்கொண்டு தியோசெலினா வீட்டுக்கே போய்விட்டேன். அண்ணி கூட வருகிறேன் என்றாள். நல்ல வேளை, அடுப்பில் குழம்பு இருந்ததால் நின்றுவிட்டாள்.

அவள் பாதிரியாரின் அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் வாய்வரை வந்துவிட்டன. அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். பாயில் தலையணைக்கு அணைவாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மரக்கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான், கீழே ஒரு பல். என் தோளில் இருப்பவனுக்கு இன்னும் கழுத்தே முழுசாக நிற்கவில்லை.

"இவன் என் பையனவிடப் பதினோரு நாள்தானே மூத்தவன்?" என்றேன்.

"அப்படித்தான் எழுதிருக்கு."

"எழுதினது கிடக்கட்டும். இவன் பல்லு அதைப் படிச்ச மாதிரி தெரியலையே."

தலையைக் குனிந்துகொண்டாள். "கிறிஸ்துமஸுக்குப் பொறந்தான்க்கா. லேட்டாப் பதிஞ்சா அபராதம். எல்லாரும் கொறச்சுத்தானே சொல்றோம். உங்க தெரு சூயஸ் கூட மூணு மாசம் கொறச்சல்தான்."

அது உண்மைதான், ரெமிஹியோ. இந்த ஊரில் பதிவேட்டுப்படி பிறந்தவர்கள் யாருமே இல்லை. அதைத் தெரிந்துகொண்டே பதிவேட்டை நம்பி உன்னைத் தூக்கில் போட்டேன்.

பெயரைப் பற்றிக் கேட்டேன். அவள் பின்வாசலைக் காட்டினாள். கொடியில் பிள்ளைத்துணிகள் காய்ந்தன. வெள்ளைச் சாக்குத் துணியை நாலாக வெட்டித் தைத்தவை. ஒவ்வொன்றிலும் நீல எழுத்து, துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. பெல்தோர். பெல்தோர். பெல்தோர். சிங்கத்தை விரட்டிய தாத்தா கொடியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"அவர்கிட்டருந்து கடுதாசி வரல. பணமும் வரல" என்றாள். "பிரசவத்துக்கு முன்னால ஒரு லாரிக்காரர் இந்தத் துணி மூட்டையக் குடுத்துட்டுப் போனாரு, காட்டுலேருந்து வந்துதுன்னு. அதுல இருந்தது இந்த ஒரே ஒரு வார்த்தைதான். அப்பன் அனுப்பின பேருன்னு நெனச்சு அதையே வச்சிட்டேன். பிள்ளைக்குன்னு அவரு குடுத்தது வேற என்ன இருக்கு?"

"எந்த அப்பன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் பார்த்தாள்.

"உங்களுக்கு அண்ணன் எத்தனை பேர்க்கா?"

கிறிஸ்துமஸிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் போனால் புனித வாரம். போன வருஷம் புனித வாரத்தில் ஊர்வலச் சிலுவையைத் தோளில் சுமந்தது யார்? நீ காட்டில் இருந்தாய். சுமந்தது ஹசிந்தோ அண்ணன். இந்த வருஷம் ஏன் வர மறுத்தார் என்பதும் இப்போது புரிகிறது. வாயில்லாப் பூச்சி!

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அண்ணி. "என்ன சொன்னா? ரெமிஹியோதானே?" என்றாள். வெயில் அதிகம், தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். நாலு நாளாகப் படுத்தே இருக்கிறேன். எனக்காக உன்னைச் சபித்துக்கொண்டு, என் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள் அவள். நான் முகத்தைப் பார்க்காமல் சோறு வாங்கித் தின்கிறேன். நான் சொன்னால் அவள் குடும்பம் போகும். சொல்லாவிட்டால் உன் பெயர் ஊர் வாயில் கிடந்து நாறும். என் வாயால் முடியாது. அண்ணன் வாயால் வரட்டும்.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அதை மட்டும் மறைக்காமல் எழுது. சந்தேகம் முழுசாகப் போகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது.

அவுரிஸ்டெலா

எண்ணெய் முகாம்
18 ஜூன் 1979

என் அவுரிஸ்டெலாவுக்கு,

"அவர்கள்" போய்விட்டது. கடிதத்தைப் பிரித்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

மே நாலாம் தேதி சாயங்காலம் வரை எனக்கு எதுவும் தெரியாது. உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். இஸ்திரிக்காரி பிள்ளை என்று வந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டான். "என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு. வெளிய வந்துச்சுன்னா குளோதில்டே உயிரை விட்டுருவா" என்று அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. யோசிக்காமல் சத்தியம் செய்துவிட்டேன். காலையில்தான் புரிந்தது, அவன் குடும்பத்தைக் காப்பாற்ற என் குடும்பத்தை அடகு வைத்திருக்கிறேன் என்று. அன்றிலிருந்து ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை.

இன்னொரு பாவத்தையும் கொட்டிவிடுகிறேன். தாத்தாவும் இல்லை, சிங்கமும் இல்லை. எண்ணெய்க்குப் பூமியில் துளை போடும்போது ஊற்றும் சேற்றுக் குழம்பில் கலக்கும் பொடி அது. மூட்டை மூட்டையாக எங்கள் கொட்டகையில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. உன் கடிதம் வந்த அன்று மூட்டை மேல் உட்கார்ந்து யோசித்தேன். காலுக்கு நடுவில் நீல எழுத்தில் அழகாகத் தெரிந்தது. பொடியின் பெயர் என்றால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தாத்தாவைச் சேர்த்தேன். காலிச் சாக்குகளை மச்சான் துவைத்துக் கட்டி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். அண்ணிக்குத் தலையணை உறை என்று சொன்னான், நம்பினேன்.

உன் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். துணியைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நான் பேரே அனுப்பலடா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். என் விடுப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். மேலாளரும் சம்மதித்துவிட்டார். வெள்ளிக்கிழமை லாரியில் கிளம்புகிறான். திருநாளுக்கு முன் அண்ணியிடம் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஊருக்கே கடிதம் எழுதுவேன் என்று சொல்லி அனுப்புகிறேன். என் மகனின் ஞானஸ்நானத்துக்கு நான் இருக்க முடியாது.

பெயரை நீயே முடிவு செய். பெல்தோர் இப்போதும் எனக்குப் பிடித்த பெயர்தான். ஆனால் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ரெமிஹியோ

காய்மித்தோ
1 ஜூலை 1979

என் ரெமிஹியோவுக்கு,

அண்ணன் செவ்வாய்க்கிழமை வந்தார். கிணற்றடியில் எல்லோரும் இருக்கும்போதே அண்ணியைக் கூப்பிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பிறகு அவருடைய தொப்பி தெருவில் வந்து விழுந்தது. அடுத்து செருப்பு, அடுத்து அவர். இப்போது நம் வீட்டு முன்கூடத்து ஊஞ்சல் வலையில்தான் படுத்திருக்கிறார். என் சோற்றைத் தின்கிறார். நான் போடுகிறேன், பேசுவதில்லை.

அண்ணி மூன்று நாள் வெளியே வரவில்லை. ஞானத்தாய் இல்லாமல்தான் என்று நினைத்து வெள்ளிக்கிழமை காலை பையனைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். வாசலில் நல்ல உடுப்போடு நின்றாள். கண் வீங்கியிருந்தது. "குடு இப்படி" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஒன்றரை மாதமாக உன்னைச் சபித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எப்படிக் கேட்பேன், நானும்தானே சபித்தேன்.

கோவில் நிறைய ஜனம். எவுதோசியா தன் பிள்ளையோடு முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கே தெரியும், நான் பெல்தோர் என்று வைக்கப் போய் முடியாமல் திரும்பியது. பதிவாளர் வாய் சும்மா இருக்குமா? என்ன வைக்கப் போகிறாள், உன்னை விட்டுவிட்டாளா வைத்துக்கொண்டாளா என்று அத்தனை கண்ணும் என் மேல்தான் இருந்தன.

அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம்தான். பதிவாளர் இரண்டாவது பெல்தோரையும் எழுதுவார், அவருக்கென்ன. ஆனால் அந்தக் கொடி கண்ணைவிட்டுப் போகவில்லை. நம் பையனுக்குச் சண்டை போட அம்மா இருக்கிறாள், பொய் சொல்லிப் பெயர் தேட அப்பா இருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு அப்பா வீட்டிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவனும் என் ரத்தம், ரெமிஹியோ. அத்தையே மருமகனிடமிருந்து அதைப் பிடுங்குவதா?

பாதிரியார், "இவனுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தாள்.

"ரெமிஹியோ" என்றேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

நம் ஊரில் அப்பன் பெயரையே பிள்ளைக்கு வைப்பவளைச் சோம்பேறி என்பார்கள், தெரியும். எவுதோசியா உதட்டைப் பிதுக்கினாள். பிதுக்கட்டும். தான் நம்பாத மனுஷனின் பெயரை எவளும் தன் பிள்ளைக்கு வைக்க மாட்டாள். ஊர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு நான் சொன்ன பதில் அதுதான். உன்னிடம் என் மன்னிப்பும் அதுதான், தனியாகக் கேட்க எனக்கு வராது. திரும்பி வரும்போது எண்ணிப் பார்த்தேன். பனாமா, சூயஸ், டெலிகிராமா, பெல்தோர். ரெமிஹியோ இந்தத் தெருவில் இவன் ஒருவன்தான்.

கோவிலிலிருந்து அண்ணி நேராக வீட்டுக்கு வரவில்லை. இஸ்திரிக்காரி வீட்டு வேலிக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தாள். "பல்லு ரெண்டாயிருச்சு" என்றாள்.

டிசம்பரில் நீ வந்தே ஆக வேண்டும். வரும்போது போன வருஷத்து விடுப்புச் சீட்டைக் கையோடு எடுத்து வா, தேதியும் முத்திரையும் தெரியும்படி. உன்னை நம்புகிறேன். இருந்தாலும் எடுத்து வா.

உன் அவுரிஸ்டெலா